விலக்கப்பட்ட வண்டி

"அனைவருக்கும் காலை வணக்கம்" என்று தமிழில் சொல்லிவிட்டு, அடுத்த வாக்கியத்திலேயே ஆங்கிலத்துக்கு மாறினாள் கோகிலவாணி. மாறிய கணத்தில் வாய் ஒரு பக்கம், மனசு ஒரு பக்கம் என்று பிரிந்துகொண்டன. வாய்க்குப் பயமில்லை. இருபது நாளாகக் குளியலறையிலும் மொட்டைமாடியிலும் ஒத்திகை பார்த்த வாய் அது. முப்பத்தெட்டு ஸ்லைடையும் நாற்பது நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடும். அதற்கப்புறம் கேள்விகள், அதற்கப்புறம் கைதட்டல், அதற்கப்புறம் பெயருக்கு முன்னால் டாக்டர். இந்தத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில், ஜன்னலில்லாத ஓர் ஆய்வகத்தில், கம்ப்யூட்டர்களின் சூட்டில் ஆறு வருஷம் உட்கார்ந்திருந்ததற்கு இன்று மத்தியானத்துக்குள் ஒரு முடிவு. முதல் வரிசையில் அவளுடைய கைடு, பேராசிரியர் தணிகாசலம். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை. சொந்த வீட்டுக் கல்யாணத்தில் உட்கார்ந்திருப்பவர் மாதிரி வருகிறவர்களுக்கெல்லாம் தலையசைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் புறத்தேர்வாளர் தேவசகாயம், நாகர்கோவிலிலிருந்து ரயிலில் வந்தவர், மெலிந்த கழுத்து, மடியில் அவளுடைய தீசிஸ். தீசிஸின் ஓரத்தில் மஞ்சள் ஒட்டுத்தாள்கள் நாக்கு நீட்டிக்கொண்டிருந்தன. ஏழு. பேசிக்கொண்டே எண்ணிவிட்டாள். முன்பக்கத்தில் மூன்று, கடைசியில் மூன்று, நடுவில் ஒன்று. அந்த நடுவிலுள்ளது எண்பத்து நாலாம் பக்கமாக இருக்கக் கூடாது. எண்பதாக இருக்கட்டும், தொண்ணூறாக இருக்கட்டும். கடைசி வரிசையில் அம்மா, சத்துணவு மையத்துக்கு ஒருநாள் லீவு போட்டுவிட்டு, நல்ல புடவையில், ஒரு வார்த்தையும் புரியாத இடத்தில் மகளின் கை அசைவதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏசி காற்று நேராகக் கழுத்தில் அடித்தது. ஆனாலும் ரவிக்கையின் அக்குள் நனைந்துவிட்டது. அது வெளியே தெரியுமோ என்ற கவலை ஒரு நிமிஷம் வந்தது. அந்தக் கவலை வந்ததில் ஒரு சின்ன நிம்மதியும் இருந்தது. கவலைப்படுவதற்கு இப்படி ஏதாவது லேசான விஷயம் கிடைத்தால் நன்றாகத்தான் இருக்கிறது.

நாலாவது ஸ்லைடு. மலைப்பாதையின் படம். வளைவுகள் ஒன்றின்மேல் ஒன்றாக, யாரோ அவிழ்த்துப் போட்ட ரிப்பன் மாதிரி. "இந்த ஆய்வின் நோக்கம், மலைப்பாதைப் பேருந்துகளில் பிரேக் எப்போது பழுதாகும் என்பதை முன்கூட்டியே கணிப்பது" என்று வாய் சொல்லிற்று. மனசு பஸ்ஸில் ஏறிக்கொண்டது. அடிவாரத்திலிருந்து மலைக்கு வண்டி விடுகிற அந்தத் தனியார் கம்பெனி, பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு இருபத்திரண்டு வண்டிகளை ஆய்வுக்குத் தந்திருந்தது. ஒவ்வொரு வண்டியின் சக்கரத்துக்குள்ளேயும் கை விட்டு, கிரீஸும் செம்மண்ணுமாக, சென்சார்களைப் பொருத்தியவள் அவள்தான். பிரேக் டிரம்மின் சூடு, காற்றழுத்தம், அதிர்வு, பத்து விநாடிக்கு ஒருமுறை, பதினாலு மாதம். முதல் மாதம் முழுக்க வண்டியிலேயே போய் வந்தாள். இன்ஜின் மூடிமேல் துணியை விரித்து அங்கே உட்காரச் சொன்னவர் அங்கமுத்து. பதினேழாம் எண் வண்டியின் டிரைவர். ஐம்பதைத் தாண்டியவர், கட்டையான ஆள், காதோரம் மட்டும் நரைத்திருந்தது. "மடியில அந்தப் பொட்டிய வெச்சுக்கிட்டு என்னத்தைங்க அம்மிணி பாக்கறீங்க?" என்றார் முதல் நாள். உங்க பிரேக் என்ன சொல்லுதுன்னு பாக்கறேன் அண்ணா என்றாள். அவர் கியரை மாற்றிக்கொண்டே சிரித்தார். "அது என்ற காலுகிட்டயே சொல்லிப்போடுதே. உங்ககிட்ட வேற சொல்லுதாக்கும்?" பலாப்பழ வாசனையும் டீசலும் யாரோ ஒரு குழந்தையின் வாந்தியும் சேர்ந்த அந்த வண்டிக் காற்று இப்போது, இந்தக் கருத்தரங்கக் கூடத்தில், ரூம் ஸ்பிரே நடுவே, மூக்கில் வந்து நின்றது. எட்டாவது ஸ்லைடு. தண்ணீர் குடித்தாள். தணிகாசலம் கண்ணாலேயே 'நல்லா போகுது' என்றார்.

பதினேழு மட்டும்தான் சேரவில்லை. மற்ற இருபத்தொரு வண்டிகளின் வரைபடமும் ஏறி இறங்கி ஏறி இறங்கி, மூச்சு விடுகிற மாதிரி ஒழுங்காக இருக்கும். பதினேழு நாலாம் வளைவிலேயே கொதித்துவிடும். காற்றழுத்தம் இறங்கும், இறங்கியது ஏறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். முதலில் அவளுமே சென்சார் கோளாறு என்றுதான் நினைத்தாள். கழற்றிவிட்டுப் புதிது பொருத்தினாள். அதுவும் அதையே சொன்னது. மூன்றாவதைப் பொருத்தினாள். அதற்கும் அதே பேச்சுதான். அங்கமுத்துவிடம் கேட்டாள். வண்டி நின்றிருந்தது, பயணிகள் டீ குடிக்கப் போயிருந்தார்கள். அவர் சொன்னார்: "ஏர் இறங்குதுங்க, சீக்கிரம் ஏற மாட்டேங்குது. மூணு தடவை கம்ப்ளெயின்ட் புக்குல எழுதிட்டேன். மெக்கானிக் வந்து எதையோ முடுக்கிட்டு, எல்லாம் சரியா இருக்குது, ஓட்டத் தெரியாதவன் வண்டியக் குத்தம் சொல்லுவான்றான். நான் சொன்னா சோம்பேறிங்கறாங்க. உங்க மிசினு சொன்னா கேப்பாங்கல்ல?" அவள் தலையை ஆட்டினாள். சார்கிட்ட சொல்லி கம்பெனிக்கு லெட்டர் அனுப்பச் சொல்றேன் அண்ணா என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொன்னாள். அப்போது அது சுலபமான விஷயமாகத்தான் இருந்தது. பிரேக் கெட்டுப்போகும் என்று கண்டுபிடிக்கத்தானே ஆய்வு, கண்டுபிடித்தாயிற்று, சொல்ல வேண்டியதுதானே. அப்படி நினைத்த அந்தப் பெண்ணை இப்போது ரோட்டில் பார்த்தால் அடையாளம் தெரியுமா என்று யோசித்தாள். பதின்மூன்றாவது ஸ்லைடில் ஒரு சமன்பாடு இருந்தது. அதை விளக்கினாள். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள்.

தணிகாசலம் கெட்டவர் இல்லை. இதைத் தனக்குத்தானே எத்தனை தடவை சொல்லியிருப்பாள். அப்பா செத்த மாதம் ஆய்வகத்துக்கே வராமலிருந்தபோது உதவித்தொகையை நிறுத்தவிடாமல் பார்த்துக்கொண்டவர் அவர்தான். தீபாவளிக்கு ஆய்வு மாணவர்கள் எல்லோருக்கும் ஸ்வீட் பாக்ஸ் தருவார். அவர் அறையில் அந்த மத்தியானம் அவள் இரண்டு வரைபடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். பதினேழைச் சேர்த்தால் பழுதைக் கணிக்கிற கம்ப்யூட்டர் மாடலின் துல்லியம் எண்பத்தெட்டு சதவீதம். சேர்க்காவிட்டால் தொண்ணூற்றாறு புள்ளி நாலு. அவர் பார்த்தது அந்த இரண்டு எண்களை மட்டும்தான். "இதுக்குப் பேரு என்னம்மா? அவுட்லையர். கும்பல்ல சேராதது. சேராததைத் தூக்கிப் போட்டுட்டுத்தான் கும்பலைப் பத்திப் பேச முடியும். ஜூனியர்களுக்கு இந்தப் பாடத்தை நீதானே எடுத்தே?" என்றார். சார், சென்சாரை ரெண்டு தடவை மாத்திட்டேன், மூணாவதும் அதையேதான் காட்டுது என்றாள். "அப்ப மூணும் கோளாறு" என்று சொல்லிச் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தாள்? எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம், அந்தச் சிரிப்பை மட்டும் எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியவில்லை. யாரும் கழுத்தைப் பிடிக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. பெரியவர் ஒரு ஜோக் சொன்னார், சிரித்தாள். லெட்டர் பற்றிக் கேட்டதற்கு அவர் நாற்காலியைப் பின்னால் சாய்த்துக்கொண்டார். "வண்டி குடுத்தவன் கம்பெனிக்காரன். அவன் வண்டியையே குறை சொல்லி லெட்டர் போட்டா அடுத்த கட்டத்துக்கு ஐம்பது வண்டி குடுப்பானா? நமக்கு மாடல்தான் வேலை. பிரேக் அவன் மெக்கானிக்கோட வேலை. நீ மார்ச்சுக்குள்ள பேப்பரை அனுப்பற வழியைப் பாரு." அன்று சாயங்காலம் ஒரே ஒரு வரி எழுதினாள். பதினேழு அல்லாதவை மட்டும் என்று கம்ப்யூட்டருக்குப் புரிகிற மொழியில் ஒரு வரி. என்டர் தட்டினதும் கீழே வந்து விழுந்தது தொண்ணூற்றாறு புள்ளி நாலு. நன்றாக இருக்கிற இருபத்தொரு வண்டிகளும் நன்றாக இருக்கின்றன என்று தொண்ணூற்றாறு புள்ளி நாலு சதவீதம் சரியாகச் சொல்லிவிடுகிற மாடல். அதற்கு மாநாட்டில் பரிசு கொடுத்தார்கள். கண்ணாடிக் கோப்பை ஒன்று. தணிகாசலத்தின் அலமாரியில் இருக்கிறது.

இருபத்து நாலாவது ஸ்லைடு வந்துவிட்டது. தீசிஸில் எண்பத்து நாலாம் பக்கத்தில் இருக்கிற அட்டவணை. இதற்கு முந்தின ஸ்லைடில் 'வண்டிகள்: 22', இதில் 'வண்டிகள்: 21'. எழுத்து சின்னதாக இருக்கட்டும் என்று வேண்டுமென்றே பத்துப் புள்ளி அளவில் வைத்திருந்தாள். லேசர் புள்ளியை வலது பக்க மூலைக்கு, அந்தத் தொண்ணூற்றாறு புள்ளி நாலுக்குக் கொண்டுபோய் அங்கேயே ஒரு வட்டம் போட்டாள். எல்லாக் கண்ணும் வட்டத்தைப் பார்த்தன. தேவசகாயத்தின் கண் மட்டும் மடியிலிருக்கும் தீசிஸில் இருந்தது. பட்டனை விட்டுவிட்டாள். பத்தொன்பது நாள். அந்த வரியை எழுதினதற்கும் அந்தக் காலைக்கும் நடுவே பத்தொன்பது நாள். லெட்டர் போட்டிருந்தால் போய்ச் சேர மூன்று நாள், மானேஜர் மேஜையில் தூங்க நாலு நாள், மெக்கானிக் பிரித்துப் பார்க்க ஒரு நாள். மீதி பதினொரு நாள் இருந்திருக்கும். இந்தக் கணக்கை எத்தனை முறை போட்டாலும் மீதி வந்துகொண்டே இருந்தது. சில நாள் தபாலுக்கு ஐந்து நாள் கொடுத்துப் பார்ப்பாள், மானேஜருக்கு ஒரு வாரம் கொடுத்துப் பார்ப்பாள். அப்போதும் மீதி வரும். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கல்லூரிப் பிள்ளைகளும் சந்தைக்குப் போகிறவர்களுமாக நாற்பத்து மூன்று பேரோடு இறங்கிக்கொண்டிருந்த பதினேழாம் எண் வண்டியின் பிரேக் காலுக்குக் கீழே பஞ்சு மாதிரி அமுங்கிப்போயிற்று. அங்கமுத்து வண்டியைப் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைச்சுவரில் கொண்டுபோய் உரசி நிறுத்தினார். பதினோரு பேருக்குக் காயம், ஒரு பெண்ணுக்குத் தோள் எலும்பு நொறுங்கிற்று. யாரும் சாகவில்லை. சுவர்ப் பக்கம் அவர் உட்கார்ந்திருந்த பக்கம். வலதுகால் முழங்காலுக்குக் கீழே நசுங்கிப்போனது. செய்தித்தாளில் 'டிரைவரின் அஜாக்கிரதை' என்று போட்டிருந்தார்கள். போலீஸும் அப்படித்தான் வழக்குப் பதிவு செய்தது. கம்பெனியும் அப்படித்தான் சொன்னது. பிரேக் நன்றாக இருந்தது என்று மெக்கானிக் எழுதிக் கொடுத்தார்.

அரசு ஆஸ்பத்திரிக்கு ஒருமுறை போனாள். ஒரே முறை. ஆப்பிள் வாங்கிக்கொண்டு போனாள், அதை நினைத்தாலும் இப்போது கூசுகிறது. போர்வைக்குக் கீழே அவருக்கு ஒரு கால் இருந்தது, இன்னொரு கால் இருக்க வேண்டிய இடம் தட்டையாக இருந்தது. அந்தத் தட்டையான இடத்தைப் பார்க்காமல் இருக்க வேண்டும் என்று சுவர், ஜன்னல், ஃபேன் என்று பார்த்தாள். அவர் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. "அம்மிணி, கேஸு நடக்குதுங்க. நான் தூங்கிட்டு ஓட்டினேன்னு எழுதியிருக்கறாங்க. உங்க மிசின்ல எல்லாம் பதிஞ்சிருக்குமில்ல? ஒரு வார்த்தை வந்து சொல்லிப்போட்டீங்கன்னா போதும்." அவர் மனைவி கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்று அவளையே பார்த்தாள். பாக்கறேன் அண்ணா என்றாள். பாக்கறேன். தமிழில் இந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கத் தப்பித்துக்கொண்டே இருக்கலாம். இல்லை என்றும் அர்த்தம் இல்லை, ஆமாம் என்றும் அர்த்தம் இல்லை. ஏழு மாதம் பார்த்துக்கொண்டே இருந்தாள். டேட்டா முழுக்கக் கம்பெனியின் சொத்து, எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெளியே கொடுக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவு சொன்னது. அதைத் தேடி எடுத்துப் படித்தபோது பயமாக இருந்தது, கூடவே ஒரு ஆறுதலும் வந்தது. பயப்படுவதற்குக் காரணம் அச்சிலேயே கிடைத்துவிட்டதே. வைவா என்கிற இந்த வாய்மொழித் தேர்வு முடியட்டும், பிறகு போய்ச் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டாள். அவருடைய எண் போனில் இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் மீட்டிங்கில் இருந்தாள். மீட்டிங் எதுவும் இல்லாத நேரம் அது. பிறகு வரவில்லை. வராததும் ஒரு நிம்மதியாக இருந்தது, அந்த நிம்மதியைத்தான் தாங்க முடியவில்லை. முப்பத்தெட்டாவது ஸ்லைடு. 'நன்றி' என்று பெரிய எழுத்தில். கீழே சின்ன எழுத்தில் ஆய்வுக்கு உதவியவர்கள்: பல்கலைக்கழகம், நிதி தந்த அமைப்பு, பேருந்து நிறுவனம், கைடு. கைதட்டினார்கள்.

கேள்விகள். எழுந்த முதல் ஆள் தன் சொந்த ஆய்வைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசிவிட்டுக் கடைசியில் ஒரு கேள்விக்குறியை ஒட்டவைத்தார். பதில் சொன்னாள். இன்னொருவர் ஏன் இந்த முறை, ஏன் அந்த முறை இல்லை என்றார். அதற்கும் பதில் இருந்தது. தேவசகாயம் மைக்கை வாங்கிக்கொள்ளவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மஞ்சள் ஒட்டுத்தாள்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கேட்டார். எழுத்துப் பிழை, மேற்கோள் விட்டுப்போனது, அலகு தவறு. மூன்று. பிறகு நடுவிலுள்ளதைப் பிரித்தார். "ஒரு சின்ன சந்தேகம்தாம்மா" என்று தமிழிலேயே ஆரம்பித்தார். நல்ல மனுஷன், அவள் பயந்திருப்பதைப் பார்த்துத்தான் தமிழுக்கு வந்திருக்க வேண்டும். "எண்பத்து மூணாம் பக்கத்துல இருபத்திரண்டு வண்டி. எண்பத்து நாலுல இருபத்தொண்ணு. அச்சுப்பிழைதானே?" அப்படியே கதவைத் திறந்து வைத்தார். 'சென்சார் கோளாறு காரணமாக' என்ற பதிலை அவள் இருபது நாளாக ஒத்திகை பார்த்திருந்தாள், அதுகூடத் தேவையில்லை, ஆமாம் சார் என்றால் போதும். ஆமாம் சார். ஐந்து எழுத்து, ஒரு மூச்சு. தணிகாசலம் ஏற்கெனவே பேனாவை எடுத்துத் திருத்தங்களின் பட்டியலில் 'அச்சுப்பிழை' என்று எழுத ஆரம்பித்துவிட்டார். அந்தப் பேனா ஓடுவதைப் பார்த்தாள். என்ன ஆயிற்று என்று பிறகும் அவளால் சொல்ல முடியவில்லை. தைரியம் என்று சொல்ல முடியாது. தைரியம் வந்திருந்தால் ஏழு மாதத்துக்கு முன்னால் வந்திருக்க வேண்டும். வாந்தி வருவது மாதிரி வந்தது. "இல்ல சார்" என்றாள். "பிழை இல்ல. பதினேழாம் நம்பர் வண்டியை நான்தான் எடுத்தேன். அதோட பிரேக் கெட்டுப்போயிருந்தது. மாடல் சரியா வரலைன்னு எடுத்துட்டேன். சென்சார்ல கோளாறு இல்ல, ரெண்டு தடவை மாத்திப் பாத்தேன். பிரேக்தான். எடுத்த பத்தொன்பதாம் நாள் அந்த வண்டி மோதிடுச்சு. டிரைவருக்கு ஒரு கால் போயிடுச்சு. அவர் மேலதான் கேஸ். அவர் தப்பு இல்ல சார்." தமிழில் சொன்னாள். இந்த ஒரு மணி நேரத்தில் மகள் பேசி அம்மாவுக்குப் புரிந்த முதல் பேச்சு இதுதான் என்பது கடைசி வரிசையைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அம்மா முந்தானையை வாயருகே கொண்டுபோயிருந்தாள்.

இப்போது விழும், இப்போது இடிந்து விழும் என்று அவள் காத்திருந்தாள். ஆறு வருஷம், அம்மாவின் புடவை, பெயருக்கு முன்னால் வர வேண்டிய அந்த எழுத்து, எல்லாம் போகட்டும், போகிற சத்தம் கேட்டால்கூட ஒரு விடுதலைதான். தணிகாசலத்தின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு ஒன்று புடைத்து, பிறகு தானாகவே அடங்கிற்று. தேவசகாயம் கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். அவளை இரக்கத்தோடு பார்த்தார். "ரொம்ப நேர்மையாச் சொன்னே. இது முக்கியமான விஷயம்மா" என்றார். "அப்ப இதை 'ஆய்வின் வரம்புகள்'ங்கிற பகுதியில ஒரு வரி சேர்த்துடு. எதிர்கால ஆய்வுக்கும் நல்ல தலைப்பு. சரி, அடுத்து நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்." அடுத்த ஒட்டுத்தாளைப் பிரித்தார். அவ்வளவுதான். ஒன்றும் விழவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு வரைபடத்தின் செங்குத்து அச்சுக்குப் பெயர் விட்டுப்போயிருந்தது. அதை ஒத்துக்கொண்டாள். குழு தனியறைக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து, கோகிலவாணிக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைப்பதாக அறிவித்தது. இந்தத் தடவை கைதட்டல் முன்னைவிடப் பலமாக இருந்தது. மனசு திறந்து பேசினாங்கல்ல, அதான் என்று யாரோ யாருக்கோ சொல்வது காதில் விழுந்தது.

திருத்தங்களைச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துக் கையெழுத்து வாங்கிவிட வேண்டும், தேவசகாயத்துக்கு மூன்று மணிக்கு ரயில். தணிகாசலத்தின் அறையில் அவருடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் திட்டுவார் என்று தோளை இறுக்கி வைத்திருந்தாள். அவர் டீ சொன்னார். "தேவசகாயம் சார் உன்னை ரொம்பப் பாராட்டினார்" என்றார். 'ஒரு பேருந்தின் அளவீடுகள் வழக்கத்துக்கு மாறாக இருந்ததால் ஆய்வில் சேர்க்கப்படவில்லை' என்று அவரே சொல்லச் சொல்ல அடித்தாள். அடித்துவிட்டு நிறுத்தினாள். "பிரேக் கெட்டிருந்ததுன்னு போடணும் சார்." சண்டைக்குத் தயாராகத்தான் சொன்னாள். அவர் டீயை ஆற்றிக்கொண்டே, "போட்டுக்கோம்மா" என்றார். "கம்பெனி ஒப்பந்தப்படி தீசிஸை மூணு வருஷம் லைப்ரரியில யாருக்கும் குடுக்க மாட்டாங்க. அதுக்கப்புறம் யாரு படிக்கப் போறா? உனக்கு நிம்மதின்னா போட்டுக்கோ." போட்டாள். பிரேக் என்ற சொல் திரையில் கறுப்பாக, மற்றச் சொற்களின் அதே அளவில், எந்த வித்தியாசமும் இல்லாமல் உட்கார்ந்துகொண்டது. அவர் குனிந்து கையெழுத்துப் போட்டார். தேவசகாயமும் போட்டார். "கவலைப்படாதே, நீ நல்லா வருவே" என்று அவள் தலையில் லேசாகக் கை வைத்தார். அந்தக் கையைத் தட்டிவிட வேண்டும் போலிருந்தது. நன்றி சார் என்றாள்.

வெளியே தாழ்வாரத்தில் சமோசாத் தட்டுகளும் பேப்பர் கப்புகளுமாக ஒரே கூட்டம். அம்மா ஒரு தூணோரம் நின்றிருந்தாள், தட்டில் வைத்த சமோசாவைத் தொடாமல். எத்தனையோ பேர் வந்து கை குலுக்கிவிட்டுப் போனார்கள், அம்மா அவள் கையைப் பிடிக்கவில்லை. "அந்த டிரைவருக்கு இப்ப எப்படி இருக்குது?" என்று மட்டும் கேட்டாள். கூடத்தில் அறுபது பேர் இருந்தார்கள். மூன்று பேராசிரியர்கள், ஒரு டீன். இந்தக் கேள்வியை ஒருத்தரும் கேட்கவில்லை, இப்போது அம்மா கேட்டபோதுதான் தெரிந்தது. தெரியலம்மா என்று சொல்ல வாய் கூசிற்று. போனை எடுத்துக்கொண்டு படிக்கட்டுப் பக்கம் போனாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் வண்டிகளின் ஹாரன், யாரோ ரிவர்ஸ் வரச்சொல்லித் தகரத்தைத் தட்டும் சத்தம். "அம்மிணியா? நல்லா இருக்கறீங்களா?" என்றார். அவள் மூச்சு விடாமல் சொன்னாள்: நான் வர்றேன் அண்ணா, கோர்ட்டுக்கு வர்றேன், டேட்டா எல்லாம் என்கிட்ட இருக்குது, ஒப்பந்தம் கிடக்கட்டும், எல்லார் முன்னாலயும் இன்னைக்குச் சொல்லிட்டேன், கோர்ட்டுலயும் சொல்றேன், எப்ப வாய்தான்னு மட்டும் சொல்லுங்க. "கேஸு முடிஞ்சு ஒன்றரை மாசம் ஆச்சுங்களே" என்றார். "நான்தான் தப்புப் பண்ணினேன்னு ஒத்துக்கிட்டேன். வக்கீலே அப்படித்தான் சொன்னாருங்க. ஃபைனோட விட்டுட்டாங்க, லைசென்ஸ் போச்சு. ஒத்துக்கிட்டா ஷெட்டுல வாட்ச்மேன் வேலை தர்றேன்னாங்க கம்பெனியில. அதான், கேட்டுலதான் உக்காந்திருக்கறேன். கட்டைக்காலு வெச்சாச்சு, பழகிப்போச்சு." அவரே மேலும் பேசினார். "ரெண்டு தடவ கூப்பிட்டேனுங்க. வேலையா இருந்திருப்பீங்க. படிப்பு முடிஞ்சுதுங்களா?" முடிஞ்சுது அண்ணா, இன்னைக்குத்தான் என்றாள். "அட! டாக்டர் ஆயிட்டீங்களா? ரொம்ப சந்தோசமுங்க" என்றார், அதில் குத்தல் ஒரு துளி இருக்கிறதா என்று அவள் காதைத் தீட்டிக்கொண்டு தேடினாள், இருந்தால் பிடித்துக்கொள்ளலாம், இல்லவே இல்லை. "இருங்க, வண்டி வருது, கேட்டத் தொறக்கோணும். வெச்சுடட்டுங்களா?" வெச்சுடுங்க அண்ணா என்றாள். அவர் வைத்த பிறகும் போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு படிக்கட்டில் நின்றாள். கைப்பிடிச் சுவரில் யாரோ துடைத்த சமோசா எண்ணெய் பளபளத்தது. தாழ்வாரத்தில் எல்லோரும் குரூப் போட்டோவுக்கு வரிசையாகிக்கொண்டிருந்தார்கள், தணிகாசலம் நடுவில் ஓர் இடம் விட்டுக் கையாட்டினார், போட்டோகிராபர் தலையைத் தூக்கி, "டாக்டர்!" என்று சத்தமாகக் கூப்பிட்டார். அங்கே டாக்டர்கள் பத்துப் பேராவது இருந்தார்கள். கோகிலவாணி திரும்பினாள்.